தேர்தல் முடிந்ததும் வற்றும் பணம்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் அறக்கட்டளைப் பணம் ஊர் மக்களைத் திரட்டும் அடித்தள அமைப்புகளுக்குப் பாயும். வாக்கு எண்ணி முடித்ததும் வற்றிவிடும். வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்த களப்பணியாளரின் சம்பளமும் அதோடு போச்சு.

1940இல், ஏழை மக்களை ஒன்றுதிரட்டிப் போராட வைத்த சால் அலின்ஸ்கி சிகாகோவில் தன் அமைப்பைத் தொடங்கியபோது கைகொடுத்தவர்களில் ஒருவர் மார்ஷல் ஃபீல்ட் என்ற கோடீஸ்வரர். (தன் வர்க்கத்தையே கேள்வி கேட்கப் போகிறவருக்குக் காசு கொடுத்த மனுஷன்!)

1967இல் ஃபோர்டு அறக்கட்டளை கிளீவ்லாந்தில் கறுப்பின வாக்காளர் பதிவுக்கு நிதி தந்தது. அந்த ஆண்டே கார்ல் ஸ்டோக்ஸ் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். பலருக்கு எரிச்சல். 1969 வரிச் சட்டம் கடிவாளம் போட்டது: வாக்காளர் பதிவுக்கென்றே தனியார் அறக்கட்டளை நிதி தர வேண்டுமானால், பெறும் அமைப்பு குறைந்தது 5 மாநிலங்களில் இயங்க வேண்டும். ஒரே ஊரில் வேலை செய்யும் சின்னக் குழுவுக்கு அந்த வழி அடைபட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவது வசதியான சாக்கு. வாடகை, பள்ளி, பேருந்து என்று மக்களை ஒன்றுதிரட்ட நிதி தர இந்த விதி தடையில்லை. நன்கொடையாளர்களுக்கோ சீக்கிரம் அறிக்கை வேண்டும், எண்ணிக்கை வேண்டும். பத்துப் பேர் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கியதை அறிக்கைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? திட்டத்துக்கு என்று பிரிக்காமல் அமைப்புக்கே, சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுங்களேன்.