மூச்சு போயிட்டு வருதுங்களே

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன்பு அங்கேயே ஐசியூவில் நர்ஸ். வேலையின் பெயரைச் சொன்னால், ‘கிட்னி வாங்கித் தர்றதுங்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வாங்குவதும் கிடையாது, விற்பதும் கிடையாது. மூளைச்சாவு அடைந்தவரின் வீட்டாரோடு பேசுவது, அவர்கள் சம்மதித்தால் சென்னையில் இருக்கும் டிரான்ஸ்டானுக்கு, அதாவது தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்துக்கு, தகவல் கொடுப்பது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் அலைவது, உடம்பை வீட்டார் கையில் ஒப்படைக்கும் வரை கூட நிற்பது, இதுதான் வேலை. பேசுவது என்று எழுதினேனே, பாதி நேரம் பேச்சே இருக்காது. ஐசியூவுக்கு வெளியே வரிசையாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் அவர்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

வருபவர்களில் பெரும்பாலோர் டூவீலரில் விழுந்தவர்கள். பல்லடம், காங்கயம், தாராபுரம், பொள்ளாச்சி என்று சுற்றிலும் உள்ள ரோடுகளிலிருந்து கொண்டுவருவார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பிய பனியன் கம்பெனிப் பையன், விடிகாலையில் பால் கேனோடு கிளம்பியவர், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன மாமன். ஹெல்மெட்டும் அநேகமாக இருந்திருக்கும், பெட்ரோல் டேங்க் மேலே. அதைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

மூளைச்சாவை வீட்டாருக்குப் புரியவைப்பது ஏன் கஷ்டம் என்றால், அவர்கள் கண்ணில் படுவது எதுவும் சாவு மாதிரி இருக்காது. உடம்பு சூடாக இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். மானிட்டரில் கோடு துள்ளும், பையில் சிறுநீர் சேரும். ‘ஏனுங் சிஸ்டர், மூச்சு போயிட்டு வருதுங்களே, அப்புறம் எப்படிங்க இல்லைங்கறீங்க?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூச்சு வெண்டிலேட்டருடையது. இதயத்துக்குத் தானாகத் துடிக்கும் சக்தி உண்டு, ஆக்சிஜன் கிடைக்கிற வரை மூளையின் உத்தரவு இல்லாமலே ஓடும். இதையெல்லாம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் விரல் அசையும், கால் லேசாக மடங்கும். அபூர்வமாகக் கையே நெஞ்சுக்கு மேல் எழும்பி இறங்கும். மூளை போன பின்னும் தண்டுவடம் கொஞ்சம் வேலை செய்வதால் வருவது அது. அதைப் பார்த்துவிட்ட தாயிடம் ‘ரிஃப்ளெக்ஸ் அம்மா’ என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா?

போதாததற்குச் சினிமா வேறு. கோமாவில் கிடந்தவர் குழந்தையின் குரல் கேட்டு எழுந்து உட்காரும் படங்கள் ஒரு பக்கம், செத்த உடம்புக்கு வைத்தியம் பார்த்துப் பணம் பிடுங்கும் ஆஸ்பத்திரி வந்த படம் இன்னொரு பக்கம். ஒரே குடும்பத்தில் அண்ணன் முதல் படத்தையும் தம்பி இரண்டாவது படத்தையும் மனதில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது, இதில் இல்லை என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டின், அதாவது மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதியின், சாவைச் சாவாக ஏற்கிறது. நான்கு மருத்துவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், கருவிழியைப் பஞ்சால் தொடுவார்கள், காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, தானாக மூச்சு எடுக்கிறாரா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, துளி உயிர் மூளைத்தண்டில் இருந்தாலும் மூச்சு வந்தே தீரும். நர்ஸாக இருந்தபோது நானும் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வராது என்று தெரிந்தும் வந்துவிடாதா என்று நம் நெஞ்சு முந்திக்கொள்ளும்.

அந்த 6 மணி நேரத்தில் உறுப்பு என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். மருத்துவர் முதலில் ‘இறந்துவிட்டார்’ என்று வாயால் சொல்ல வேண்டும். ‘கை விட்டாச்சு’, ‘எங்களால ஆனதப் பார்த்தோம்’ என்று சுற்றி வளைத்தால் நான் அவரைத் திரும்ப உள்ளே அனுப்புவேன். இளம் டாக்டர்களுக்கு இதனால் என் மேல் கோபம் உண்டு. அந்த வார்த்தை காதில் விழுந்து, வீட்டார் அழுது, தண்ணீர் குடித்து, யாராவது ஒருவர் ‘அடுத்தது என்னங்க?’ என்று கேட்ட பிறகுதான் என் பேச்சு.

நன்றாக விளக்கினால் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொண்டால் சம்மதிப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இத்தனை நாள் பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரிவதும் சம்மதிப்பதும் வேறு வேறு வாசல் வழியாக வருகின்றன.

காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பேரன் விழுந்து கிடக்கிறான். வேட்டியும் தோளில் துண்டுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி நிறையச் சொன்னார். பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, ‘கண்ணத் தொட்டுப் பாத்தீங்களா?’ என்றார். பார்த்தோம் என்றார் டாக்டர். ‘நான் ஒருக்கா பாக்கலாமுங்களா?’

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். கை கழுவி மாஸ்க் போட்டு உள்ளே கூட்டிப் போனோம். இமை மூடிக் கிடக்கட்டும் என்று ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தேன். பஞ்சைத் திரியாக முறுக்கி அவர் கையில் கொடுத்தேன். தடித்த விரல்கள், மாட்டுக் கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனவை. அந்த விரல்களில் பஞ்சுத் திரி நடுங்கவில்லை. கருவிழியின் ஓரத்தில் தொட்டார். இமை அசையவில்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போய் இன்னொரு கண்ணையும் தொட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு இமைகளையும் அவரே மூடினார். ‘மாடு விழுந்துட்டா நாங்களும் இப்படித்தானுங்க பாப்போம்’ என்றார்.

நான்கு மருத்துவர்களின் சோதனையில் உள்ள அதே கருவிழிச் சோதனைதான் அது. வெளியே வந்து பெண்களிடம், ‘போய்ச் சேந்துட்டான். அழுவறவங்க அழுங்க’ என்றார். ஐசியூ வாசலில் அவ்வளவு தெளிவாகச் சாவைச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நான் கேட்டேன். சம்மதிப்பார் என்றுதான் நினைத்தேன். ‘வேண்டாமுங் அம்முணி. முழுசா வந்தவன் முழுசாப் போவட்டும். நீ கேட்டதுல தப்பில்ல’ என்றார். சரிங்க ஐயா என்று எழுந்துவிட்டேன். மறுபடி கேட்கவில்லை. அன்று சாயங்காலமே இதயம் தானாக நின்றுவிட்டது. கிளம்பும்போது என்னைத் தேடி வந்து ‘போயிட்டு வர்றமுங்க’ என்று சொல்ல வந்தவர், துக்க வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

இதற்கு நேர் எதிராக ஒரு தாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவர். மகன் இறந்ததை டாக்டர் இரண்டு முறை சொன்னார், கணவர் சொன்னார், கூடப் பிறந்த தம்பி சொன்னார். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் உறுப்பு தானம் என்று ஆரம்பித்ததும் நிமிர்ந்து, ‘குடுத்துருங்க. எங்கயாச்சும் இருக்கட்டும்’ என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. உங்கள் மகன் உயிரோடு இல்லை, இது தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். ‘தெரியுதுங்க, தெரியுதுங்க’ என்றார், எரிச்சலோடு. மறுநாள் வரை பொறுத்திருந்து, கணவரும் தம்பியும் இருக்கும்போது மறுபடி கேட்டோம். அதே பதில். கையெழுத்துப் போட்டார்கள்.

இன்றும் எப்போதாவது போன் வரும். ‘நல்லா இருக்கானுங்களா?’ என்பார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று ஒருவருக்கு ஒருவர் தெரிவிக்க விதி இடம் தருவதில்லை. தகவல் தெரிந்தால் ‘நல்லா இருக்காங்கம்மா’ என்பேன். அவர் ‘இருக்கானா’ என்பார், நான் ‘இருக்காங்க’ என்பேன். திருத்துவதில்லை. கையெழுத்துக்கு முன்னால் அப்படி விட்டிருந்தால் அது ஏமாற்று. கையெழுத்துக்குப் பிறகு அவர் மகனை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு.

எல்லா வீட்டிலும் வரும் ஒரு கேள்வி உண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: ‘திதி எந்த நாள்லங்க குடுக்கறது?’ இரண்டாவது சோதனை முடிந்த நேரத்தைத்தான் நாங்கள் இறந்த நேரமாக எழுதுகிறோம். அது ராத்திரி பதினொரு மணி என்றால், ஆபரேஷன் தியேட்டருக்குள் இதயம் நிற்பது மறுநாளாகிவிடும். உடம்பு வீட்டுக்குப் போவது அதற்கும் பிறகு. உள்ளே அனுப்பும்போது சூடாக இருந்த கை, வெளியே வரும்போது ஜில்லென்றிருக்கும். பல பேருக்குச் சாவு அப்போதுதான் நடக்கிறது. சில வீட்டில் அதெல்லாம் இல்லை, ரோட்டில் விழுந்த அன்றைக்கே போய்விட்டான் என்பார்கள். ஆக ஒருவருக்கு மூன்று தேதி. சான்றிதழில் இந்த நேரம் இருக்கும், மற்றதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பவானி கூடுதுறைக்குப் போய் அங்கே ஐயரிடம் கேட்டு முடிவு செய்தவர்களும் உண்டு.

சரி, மறுப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பான் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது ஊர் வாய். ‘நாளைக்குக் கோயில் நோம்பியில நின்னா, புள்ளைய வித்துத் தின்னவங்கன்னு பேசுவாங்கம்மா’ என்று ஒரு சித்தப்பா சொன்னார். காசுக்கு உறுப்பை விற்றால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் படித்துக் காட்ட முடியுமா? மானத்தோடு இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கும் மனிதர்கள் இவர்கள். கடனை அடைக்காமல் காரியம் செய்ய மாட்டார்கள். அவர்கள் பயம் அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

2008-இல் செங்கல்பட்டுப் பக்கம் விபத்தில் இறந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தபோதுதான் இந்தப் பேச்சே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. ஊர் வாயை அடைத்தது என்றால், என் அனுபவத்தில் அது 2023 செப்டம்பர் 23 அன்று வந்த அறிவிப்பு. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அரசு அதிகாரி மலர்வளையத்தோடு வாசலில் வந்து இறங்கும்போது, வித்துட்டாங்க என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழுவதில்லை. அப்படிப் பேசக்கூடியவர்களே முன்வரிசையில் நிற்கிறார்கள், போட்டோவிலும் விழுகிறார்கள்.

மரியாதைக்காகச் சம்மதிக்கிறார்களே, இது சரியா என்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்குக் கல் நட்ட ஊர்கள் இவை. புலிகுத்திக் கல் இன்னும் எத்தனையோ காட்டோரங்களில் நிற்கிறது, சிலதுக்கு எண்ணெய் விட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. புலியை எதிர்த்தவன் தானே முடிவெடுத்தான். பைக்கில் விழுந்த பையன் எதையும் முடிவெடுக்கவில்லை. அவனுக்காக, வாழ்நாளிலேயே மோசமான அந்த ஒரு ராத்திரியில், அப்பனும் ஆத்தாளும் எடுத்தார்கள். மலர்வளையம் அவன் மேல் வைக்கப்பட்டாலும் மரியாதை அவர்களுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொன்ன காங்கயத்துப் பெரியவருக்கு எந்த அதிகாரியும் வரவில்லை. அவருக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது எங்கள் ஆஸ்பத்திரியில் காரிடாரின் இரண்டு பக்கமும் வேலை செய்பவர்கள் எல்லோரும் வந்து நிற்போம். பெரிய டாக்டர், லேப் பையன், கூட்டிப் பெருக்கும் அக்கா, கேன்டீன்காரர். யாரும் பேச மாட்டார்கள். அதன் பிறகு ஒரே ஓட்டம். இதயத்தை எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இன்னொருவர் உடம்பில் பொருத்தினால் நல்லது. சென்னைக்கு என்றால் பீளமேடு ஏர்போர்ட் வரை டிராபிக் போலீஸ் வழிவிட்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வராது, போன் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

நானும் தானம் செய்வதாக ஆன்லைனில் பதிவு செய்திருக்கிறேன். பதிவு இருந்தாலும் அன்றைக்கு வீட்டார் சம்மதிக்க வேண்டும், அதனால் வீட்டில் சொல்லி வைப்பதுதான் முக்கியம். வீட்டுக்காரர், ‘இப்ப எதுக்கு அந்தப் பேச்சு’ என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். மாமியார்தான் முழுதாகக் கேட்டார். கண், கிட்னி, இதயம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, ‘அப்ப நம்ம வாசலுக்குக் கலெக்டரு வருவாரா?’ என்றார்.

வரலாம் அத்தை என்றேன்.

‘அதுக்குள்ள அந்த முன்வாசலுக்குச் சிமெண்டு பூசச் சொல்லு உம்புருசன்கிட்ட. மூணு வருசமாச் சொல்லிட்டு இருக்கறேன்.’