ஆமீன் சத்தமும் ஜகாத் ரசீதும்

காயல்பட்டினத்திலிருந்து வேலைக்காக பெங்களூர் கிளம்பியபோது, வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்ற பதில் சில இடங்களில் வந்தது, உண்மைதான். கடைசியில் ஃப்ரேசர் டவுனில் ஒரு மாடி வீடு அமைந்தது. அந்தக் கதை அவ்வளவுதான்.

நான் எதிர்பாராதது பள்ளிவாசலில் காத்திருந்தது. நாங்கள் ஷாஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட மரபு; இங்கே பெரும்பாலும் ஹனஃபி, ஆமீனை மெதுவாகச் சொல்பவர்கள். மஃரிப் என்ற அந்தித் தொழுகையில் இமாம், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி முடித்ததும் ஊர்ப் பழக்கத்தில் சத்தமாக ஆமீன் சொன்னேன். மொத்த ஸஃப்பிலும் (தொழுகை வரிசையிலும்) என் குரல் மட்டும்தான் கேட்டது! யாரும் முகம் சுளிக்கவில்லை. தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த பெரியவர் உருதுவில் ஏதோ கேட்டார். எனக்கு உருது தெரியாது என்றேன். ஆமீனுக்கு அசையாத மனிதர் அதற்குத்தான் அதிர்ந்துபோனார். அப்புறம் சிவாஜிநகர்த் தமிழில் "எந்த ஊரு பாய்?" என்று ஆரம்பித்து, இரவுத் தொழுகையான இஷா வரை பேசினார்.

2019 கதையை அவர்தான் சொன்னார். வட்டி ஹராம், இது லாபப் பங்கு, ஹலால் முதலீடு என்று சொல்லி சிவாஜிநகரில் ஒரு நிறுவனம் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கியது. அந்த ஜூனில் அதன் முதலாளி நாட்டைவிட்டே ஓடிப்போனார். பெரியவரின் தங்கை, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்று அதில் போட்டிருந்தார்.

குர்ஆனிலேயே நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ இல்லை, கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. வட்டியின் பாவத்தை மேடையில் முழங்கியவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். என் கோபம் அவர்கள்மீதுதான், நகையைக் கொடுத்த பெண்கள்மீது இல்லை.

இதே பெங்களூரில்தான் திருச்சியில் பிறந்த மருத்துவர் மும்தாஸ் அஹ்மத் கான் 1966இல் அல்அமீன் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அல்அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர், நபிகளுக்கு மக்காவாசிகள் வைத்த பெயர். கொரோனா நேரத்தில், சொந்தக்காரர்களே நெருங்கப் பயந்த உடல்களை எந்த மதம் என்று பாராமல், அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்ய உதவியவர்களில் இங்குள்ள முஸ்லிம் தன்னார்வலர்கள் பலர் இருந்தார்கள். மார்க்கம் பொதுவாழ்வுக்கு என்ன தரும் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஊரில் வாப்பா ரமலானில் ஜகாத் பணத்தை, அதாவது சேமிப்பிலிருந்து கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கைச் சில்லறை நோட்டாக மாற்றி, வாசலுக்கு வருபவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பார். வந்தவர் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில் ஒரு நிறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 4 லட்சம் ஓராண்டு கையிலிருந்தால் இரண்டரை சதவீதம் 10,000 ரூபாய். அதை ஐம்பது ஐம்பதாகக் கொடுத்தால் வாங்கியவர் அடுத்த ரமலானிலும் வாசலுக்குத்தான் வருவார். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் அதை வசூலித்து நிர்வகிப்பவர்களையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. ஆக, அது ஒரு இடத்தில் சேர்ந்து, கணக்கோடு போக வேண்டிய பணம் என்பது என் எண்ணம்.

அதனால் இப்போது மொத்தமாக பைத்துல்மால் என்ற பொது நிதியில் கட்டுகிறேன். பள்ளிக் கட்டணத்துக்கும் டயாலிசிஸுக்கும் போகிறது என்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டபோது, மேசையிலிருந்த இளைஞர் "அல்லாஹ்வுக்காகத் தர்றீங்க, ரசீது எதுக்கு பாய்?" என்றார். நான் 282ஐ ஆரம்பிக்கும் முன்பே பின்னாலிருந்து அந்தப் பெரியவர் குரல் கொடுத்தார்: "எழுதிக் குடுப்பா."