போடாக்ஸ்னா வெறும் அழகு ஊசி இல்லீங்க

குடியாத்தத்துல எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தானா இறுக்கி மூடிக்கும், ரோடு தாண்டும்போது கூட விரலால இமையைத் தூக்கிப் புடிச்சினுதான் நடப்பாங்க, வேலூருக்கு இட்டுனு போனா கண் டாக்டர் போடாக்ஸ் போடணும்னாரு, உடனே சொந்தக்காரங்க "இந்த வயசுல அழகு கேக்குதா"ன்னு பேசுனது எனக்கு இன்னும் ஆறல. அமெரிக்காவுல 1989-ல இந்த மருந்துக்கு முதல் அனுமதி கிடைச்சதே மாறுகண்ணுக்கும் இந்த இமை இழுப்புக்கும்தான், ரெண்டு புருவத்துக்கு நடுவுல விழுற சுருக்கத்துக்கு 2002-லதான் வந்துச்சு. நரம்புலேர்ந்து தசைக்குப் போற சிக்னலைத் தடுக்குது, இறுக்கம் தளருது, மூணு நாலு மாசத்துல வேகம் கொறைஞ்சா திரும்பப் போடணும். பக்கவாதத்துல மடங்கிப்போன கைக்கும், விடாத மைக்ரேனுக்கும் இதேதான். ஆனா இது பாக்டீரியாவோட விஷம், மலிவா கிடைக்குதுன்னு பார்லர்ல போட்டுக்காதீங்க, டோஸ் தெரிஞ்ச டாக்டர்கிட்ட மட்டும் போங்க.