வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பானைகள்

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு எப்போது படகு ஏறுவோம் என்ற பரபரப்பு. எனக்கோ கத்தரிக்கு யார் தண்ணீர் விடுவது என்ற கவலை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்தான், ஆனால் எங்கள் தீவில் எல்லா வீடும் ஒரே சமயத்தில் அல்லவா பூட்டிக் கிடக்கிறது!

மோட்டாரில் குழாய் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பவளமணல் தீவுகளில் மழைநீர்தான் மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறங்கினாலே அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஆளில்லாத வீட்டில் ஓடும் மோட்டார் அதற்குப் போதும்.

அதனால் பானைப் பாசனம்: மண்ணில் புதைத்த பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து செடியின் வேருக்குப் போகும். மெருகு பூசாத மண்பானைதான் வேண்டும். இரவு நீர் நிரப்பி வைத்தேன். காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருந்த பானைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கழுத்து மட்டும் தெரியும்படி புதைத்து, சுற்றிலும் மட்கிய உரத்தை அப்பினேன். வெறும் மணல் என்றால் கசியும் நீர் பக்கவாட்டில் பரவாமல் கீழே போய்விடும். மண் காயக் காயப் பானை நீரை விடும், ஈரமாக இருந்தால் தானே குறைத்துக்கொள்ளும். வாயை இறுக மூடினேன், இல்லையென்றால் கொசு வளர்க்கத்தான் அது உதவும். மேலே தென்னை ஓலை மூடாக்கு. தென்னைகளைச் சுற்றி, ஈரத்தைப் பிடித்து வைக்கத் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி புதைத்தேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உறவினர் வீடுகள், பேருந்து, துவைக்காத துணி மூட்டை.

திரும்பி வந்ததும் பையைக் கூட இறக்காமல் பாத்திக்குத்தான் போனேன். கத்தரியும் மிளகாயும் தலை நிமிர்ந்து நின்றன, மிளகாயில் பூ கூட இருந்தது. பானையிலிருந்து தள்ளி விதைத்த கீரை சருகாகிவிட்டது. ஒரு பானையின் ஓரத்தை லேசாகத் தோண்டினேன். கத்தரி வேர்கள் மெல்லிய வெள்ளை நூல்களாகப் பானையைச் சுற்றிப் பின்னியிருந்தன, பிரித்தால் அறுந்துவிடும் போல. அப்படியே மூடிவிட்டேன்.

கீரைக்கு இனி சிறு கலயங்கள் நெருக்கமாக வைக்க வேண்டும். அப்புறம், முருங்கைக்கு எதுவுமே செய்யவில்லை, அதுதான் எல்லாவற்றையும் விடச் செழிப்பாக நிற்கிறது.