கேமரா கிடக்கட்டும், மைக் எங்கே?

குறும்படம் எடுக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் அடுத்த வாக்கியத்திலேயே "எந்த கேமரா எடுக்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். மைக் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணிப் பிழைப்பவன். நண்பர்கள் கைக்காசு போட்டு எடுத்த குறும்படங்களும் அவ்வப்போது என் சிஸ்டத்துக்கு வரும், கூடவே "சவுண்டை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு மச்சான்" என்று ஒரு வரியும் வரும். அந்தக் 'கொஞ்சம்' பெரும்பாலும் சரி பண்ண முடியாத கொஞ்சம்.

பார்க்கிறவர் இருட்டைப் பொறுத்துக்கொள்வார். ஒரு ஷாட்டில் ஃபோகஸ் விட்டுப் போனால் அதை ஸ்டைல் என்றுகூட நினைத்துக்கொள்வார். வசனம் காதில் சரியாக விழவில்லை என்றால் மட்டும் கட்டைவிரல் தானாக அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது ஒரு ஸ்டில் கேமராவிலேயே சினிமா மாதிரி பின்னணி மங்கலாக வீடியோ எடுக்கலாம் என்றாயிற்று. அதற்குக் கொஞ்சம் பின்னால் கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி வந்தது. நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் எல்லாம் அந்த நிகழ்ச்சி வழியாக வந்தவர்கள்தான். அதோடு இங்கே தெருவுக்கு ஒரு இயக்குநர் உருவாகிவிட்டார் (நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை). இப்போது கையில் இருக்கும் போனே போதும், கேமரா பிரச்சினை தீர்ந்துவிட்டது. சத்தப் பிரச்சினை தீரவே இல்லை, அதுவும் வடசென்னையில் எடுப்பவனுக்கு.

எங்கள் பக்கத்தில் அமைதி என்று ஒரு நேரமே கிடையாது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம், போட் இன்ஜின். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீடு கிடைத்தால் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில், அது போனதும் கூட்ஸ். ஆடி மாதம் என்றால் ஷூட்டிங்கையே மறந்துவிடலாம், கூழ் ஊற்றுகிற தெரு ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள்.

இதற்கு முதல் மருந்து மைக்கைப் பேசுகிறவரின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போவது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும், ஆனால் சுற்றியிருக்கும் லாரிச் சத்தம் குறையாது. அதனால்தான் எட்டடி தள்ளி நிற்கிற கேமராவின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த மைக்கை மாட்டினாலும் வேலைக்கு ஆகாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வயர் வைத்த காலர் மைக்கை ஒரு பழைய போனில் சொருகி, ரெக்கார்டிங் போட்டு, ஃபிளைட் மோடில் வைத்து, நடிகரின் சட்டைக்குள் ஒளித்துவிட்டால் அதைவிடப் பல மடங்கு சுத்தமாகக் கிடைக்கும். டேக் ஆரம்பிக்கும்போது கேமரா முன்னால் கையை ஒரு தட்டு தட்டினால் எடிட்டில் படத்தையும் குரலையும் சிங்க் பண்ணி ஒன்றாகப் பொருத்திக்கொள்ளலாம். மைக்கைத் துணி உரசாமல் இருக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பேப்பர் பிளாஸ்டர் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல போன்கள் வீடியோ எடுக்கும்போது பிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை, அவையே மாற்றிக்கொண்டிருக்கும், நீளமான டேக் என்றால் போகப் போக உதடும் குரலும் விலகும். எடிட்டிங்குக்கு முன்னால் அதை நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் எடுத்தால் ஃபேனை நிறுத்த வேண்டும், ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும். ஷாட் முடிந்து கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட எல்லோருக்கும் மறந்துவிடும், உள்ளே அந்த வீட்டு அக்கா வாங்கி வைத்த வஞ்சிரம் இருக்கும். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், அதை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. லொகேஷனை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தின் சும்மா இருக்கிற சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனத்தை வெட்டி ஒட்டும் இடங்களில் விழுகிற பள்ளத்தை நிரப்புவது அதுதான்.

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்பார்கள். தொழில்முறை நடிகர் என்றால் பார்த்துக்கலாம். முதல் முறை நடிக்கிற பக்கத்து வீட்டுக்காரரை ஒரு சின்ன ஸ்டுடியோவில் நிற்க வைத்துத் திரையைப் பார்த்துப் பேசச் சொன்னால், தெருவில் அவ்வளவு இயல்பாகப் பேசியவர் அங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவராகிவிடுவார். அதோடு டப் செய்த குரலுக்குக் கீழே காலடிச் சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், புடவை உரசுகிற சத்தம் எல்லாம் தனியாகச் சேர்க்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. ஆப் வைத்து இரைச்சலை நீக்கலாம்தான், அதை அதிகமாக ஏற்றினால் குரல் தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

சரி, இதெல்லாம் கருவி சம்பந்தப்பட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கதை எழுதுகிற இடத்திலேயே சத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ரயில் வரும்போது பேச்சை அப்படியே பாதியில் நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை. இதை வைத்தே ஒரு காட்சி எழுதலாம். அண்ணனும் தங்கச்சியும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பாவின் வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். "ண்ணா, நீ அட்வான்ஸ் வாங்கிட்டியா?" என்று அவள் கேட்கிற நேரத்தில் கூட்ஸ் வருகிறது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, அண்ணன் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவன் முகத்தை அவள் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரயில் போனதும் அவன் வேறு ஏதோ பேச ஆரம்பிக்கிறான். செட் போட்டு எடுத்தால் இதற்கு எவ்வளவு ஆகும்? எங்கள் ஊரில் இலவசம், கூட்ஸ் வரும் வரை காத்திருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

குறைந்த பட்ஜெட் படத்துக்கு நான் பார்க்கிற அளவுகோலும் இதுதான்: இந்தக் கதை இந்த இடத்தில்தான் நடக்க முடியுமா? கையில் இருக்கிற மாடி, சொந்தக்காரர் கடை, சித்தப்பாவின் மீன்பாடி வண்டி, இதிலிருந்து எழுதினால் செலவு தானாக இறங்கும். முதலில் கதையை எழுதிவிட்டு அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறவர்கள் கடைசியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு அதுதான் கமிஷனர் ஆபீஸ் என்பார்கள். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களைப் பார்த்தால் யாருக்கும் ஷாட் வைக்கத் தோன்றும், ஆனால் ரயில்வே அனுமதி வாங்காமல் அங்கே ட்ரைபாடை விரிக்க முடியாது. அதை நம்பிக் கதையின் கிளைமாக்ஸை எழுதாதீர்கள்.

வடசென்னைக் கதை என்றாலே அரிவாள், கஞ்சா, பழிவாங்கல், நடுவில் ஒரு கேரம் போர்டு. வெளியிலிருந்து வருகிறவர்களை விடுங்கள், எங்கள் பையன்களே இதைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைப் படியில் நாள் முழுக்க நின்று ஆள் கூப்பிடுகிற பையனுக்கு ஒரு கதை இருக்காதா? நடிக்கத் தெரியாதவர்களை வைத்து எடுக்கும்போது கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா நின்று வசனம் பேசச் சொன்னால் விறைத்துப் போகிற அம்மா, மீன் ஆய்ந்துகொண்டே பேசச் சொன்னால் பிரமாதமாகப் பேசுவார், அந்த 'இன்னா' 'கண்டி'யெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுக்காமலே சரியான இடத்தில் வந்து விழும். எழுதிக் கொடுத்தால்தான் கெடும்.

லைட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டுகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-ல் வைக்காவிட்டால் திரையில் பட்டை ஓடலாம். வெளியில் என்றால் விடிந்த முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும்தான். நம் கடல் கிழக்கே இருப்பதால் கடலில் சூரியன் மறைகிற ஷாட் வேண்டுமென்றால் காலையில் எடுத்து மாலை என்று பொய் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

நீளம்? ஆஸ்கர் விதிப்படி டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான், அதற்காக அத்தனை நிமிடத்தையும் நிரப்ப வேண்டுமா? பத்து நிமிடத்துக்குள் அடங்காத கதை பெரும்பாலும் அடக்கப்படாத கதை. ஆர்.ஆர். (பின்னணி இசை) என்ற பெயரில் முதலிலிருந்து கடைசி வரை வயலினை ஓடவிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் சவுண்டில் ஓட்டை இருப்பதை எல்லோருக்கும் அறிவிக்கிறீர்கள். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் யூடியூபில் காப்பிரைட் கிளெய்ம் வரும், சமயத்தில் வீடியோவே முடங்கும். தெருவில் டோலக் வாசிக்கிற பையனிடம் கேளுங்கள், சந்தோஷமாக வாசிப்பான், காசு கொடுங்கள், எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு வெறும் ஒலியை மட்டும் ஒரு முறை கேளுங்கள். யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்று எந்த இடத்தில் குழம்புகிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி. அப்புறம் அதை போனில் ஏற்றிக்கொண்டு, சாதாரண இயர்போனோடு, பீச் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற கூட்டமான ரயிலில் நின்றுகொண்டே பாருங்கள். உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பார்ப்பார்கள். அங்கேயும் வசனம் புரிந்தால் அப்லோட் பண்ணிவிடலாம்.