எத்தனையாம் பிள்ளை?

எங்கள் காலத்தில் பெயரைக் கேட்பதற்கு முன்னரே "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டுவிடுவார்கள். உறவினர், அயலவர், வீதியில் கண்டவர் எல்லோருக்கும் அதே கேள்விதான். முதலாம் பிள்ளை என்றால் தோளில் ஒரு தட்டு. பதினேழாம் பிள்ளை என்றால் ஒரு "ம்ம்". அந்த "ம்ம்" பல வருடம் காதுக்குள் கிடக்கும்.

தேர்ச்சி அறிக்கையின் அடியில் வகுப்பாசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். "திறமைசாலி", "மந்தம்", "கவனமற்ற பிள்ளை" என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுவார்கள். அடுத்த தவணையில் புள்ளி கூடலாம், ஆனால் "மந்தம்" என்று ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். வீட்டில் நம்புவார்கள், கொஞ்ச நாளில் பிள்ளையும் நம்பிவிடும்.

கணித ஆசிரியர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. விடை பிழைத்தால் தாளின் குறுக்கே சிவப்புப் புள்ளடி போடமாட்டார். பிழைத்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு இழுத்து, "இதுவரை சரி. இங்கே அடையாளம் மாறவில்லை" என்று எழுதுவார். நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்தவனின் தாளிலும் எங்கேயாவது ஓர் "இதுவரை சரி" இருக்கும். வகுப்பின் பெரிய கெட்டிக்காரியின் தாளிலும் அதே பென்சில்தான். அவர் யாரையும் புகழ்ந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அவருடைய பாடவேளையில் யாரும் கூனிக் குறுகி இருந்ததும் இல்லை.

பின்னாளில் அல்பேர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரைப் பற்றி வாசித்தபோது அந்தப் பென்சில் ஞாபகம் வந்தது. செய்த காரியத்துக்குப் புள்ளி போடு, செய்த ஆளுக்குப் போடாதே என்பது அவர் கட்சி. தன்மதிப்பை அளக்க 1965இல் 10 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலைத் தந்த மொரிஸ் ரோசன்பேர்க்கும், மற்றவரைவிட நான் மேல் என்று நினைப்பதைத் தன்மதிப்பாகக் கொள்ளவில்லை. நான் இப்படியே போதும் என்ற நினைப்பைத்தான் அவர் அளக்கப் பார்த்தார்.

பள்ளியை விட்டு வந்தும் "எத்தனையாம் பிள்ளை" நம்மை விடவில்லை. மனிதர் தம்மைப் போன்றவர்களோடுதான் தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று 1954இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் எழுதினார். உண்மைதானே! உலகப் பணக்காரன் கப்பல் வாங்கினால் நாம் நன்றாகத் தூங்குவோம். பக்கத்து வாங்கில் இருந்தவன் வீடு வாங்கிய படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தால்தான் புரண்டு புரண்டு படுப்போம்.

இதற்கு மருந்தாகக் கண்ணாடி முன் நின்று "நான் அருமையானவன்" என்று சொல்லச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மணி அடிக்கும் போதெல்லாம் "நான் அன்புக்குரிய ஆள்" என்று சிலரைத் தமக்குள் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே தம்மைக் குறைவாக நினைப்பவர்களில், அப்படிச் சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்துபோனார்கள். உள்ளே இருப்பவன் "பொய், பொய்" என்று கத்தும்போது வாய் சொல்லி என்ன பயன்?

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் எழுதிவரும் தற்பரிவு எனக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. பிழைத்த நேரத்தில், நல்ல நண்பனிடம் பேசுவதுபோல உன்னிடமே பேசு என்கிறார். முதலில் இது சோம்பேறிக்கு நல்ல சாட்டு என்றுதான் பட்டது. யோசித்தால் அப்படியில்லை. தன்னைத் திட்டித் தீர்ப்பவன் தன் பிழையைப் பார்க்கவே பயந்து தாளை மடித்து ஒளித்துவிடுவான். எங்கள் வகுப்பில் அப்படி ஒளித்த தாள்கள் எத்தனை!

எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடல் வரும்போதெல்லாம் சிலரைத் தொலைபேசியில் அழைப்பேன். "அங்க வந்து நான் என்னத்தைச் சொல்லுறது? எல்லாரும் பெரிய பெரிய இடத்தில இருக்கிறாங்கள்" என்பார்கள். பந்தி பந்தியாகப் பகிடி விட்டு எங்களைச் சிரிக்க வைத்தவர்கள் இவர்கள். வராமல் விடுவது எங்களுக்குத்தான் நட்டம்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுப் படிவத்தில் பெயருக்கு அடுத்ததாகவே "தற்போதைய பதவி" என்று கேட்கிறோம். அதை எடுத்துவிட்டு, வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள் என்று கேட்கலாம். ஆளைக் கண்டுபிடிக்க அது போதும்.