ஒற்றை டிரைவரில் தொப்பி கேட்குமா?

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்யப் போகிறேன் என்று சொன்னால் போதும், "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி எல்லாவற்றையும் ஒரே கோனில் (காற்றை அதிரவைக்கிற கூம்பு) பாடுகிற யூனிட்டுக்குத்தான் ஃபுல் ரேஞ்ச் டிரைவர் என்று பெயர். அதை வாங்கும்போது நான் கடைசியாகப் பார்க்கிற எண் அது. எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஏழடி தள்ளி உட்கார்ந்து கச்சேரி கேட்க இரண்டு மூன்று வாட்ஸே தாராளம்.

வீட்டில் ஓடுவது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம்தான், அதிலும் பழைய மோனோ பதிவுகள். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிற பெண் குரலுக்கு ஆதார ஷட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ், மேல் பஞ்சமம் 622 பக்கம். ஆனால் இன்னார் குரல் என்று காது அடையாளம் காண்பது அதற்கும் மேலே, நாலாயிரம் ஐயாயிரம் வரை போகிற ஹார்மானிக்ஸை வைத்து. கடையில் கிடைக்கிற டூ-வே பெட்டிகளில் பெரும்பாலானவை 2,000க்கும் 3,000க்கும் நடுவில் ஓர் இடத்தில் கிராஸோவர் போட்டு, கீழ்ப்பாதியை ஊஃபருக்கும் மேல்ப்பாதியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும். நன்றாகச் செய்தால் அந்தத் தையல் தெரியாதுதான். நன்றாகச் செய்ய அளவெடுக்கிற மைக் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஒரே கோன் எல்லாவற்றையும் பாடிவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை.

முதலில் மனதில் இருந்தது ஃபோஸ்டெக்ஸ் எஃப்இ103இஎன். நாலு அங்குலம், காகிதக் கோன், சென்ஸிடிவிட்டி (கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் என்கிற கணக்கு) 89 டெசிபல். நண்பர் வீட்டில் ஒரு ஜோடி இருந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மிருதங்கம் கற்றுக்கொண்டவர். தம்புரா அத்தனை அழகாக விரிந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, தொப்பி எங்க?" என்றார்.

தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம், அதில் உருண்டு வரும் கனமான நாதம்தான் கும்கி. அது வாழ்கிற இடம் நூறு ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே சத்தம் வர வேண்டுமானால் கோன் முன்னும் பின்னும் நிறைய நகர்ந்தாக வேண்டும். அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எடுக்க நாலு மடங்கு நகர்வு தேவை. இதற்கான எண்ணைத்தான் எக்ஸ்மேக்ஸ் என்பார்கள். ஃபோஸ்டெக்ஸில் அது அரை மில்லிமீட்டர் சொச்சம். லேசான கோன், வலுவான மேக்னட், குட்டையான சுருள் என்று அமைத்ததால்தான் நடு ஸ்தாயியில் அந்தச் சுறுசுறுப்பு. அதற்குக் கொடுக்கிற விலை தொப்பி. பின்னால் நீண்டு மடங்கிப் போகிற பேக்-லோடட் ஹார்ன் பெட்டி கட்டினால் கீழ் ஸ்தாயியை மீட்கலாம். ஆனால் அது பீரோ அளவுக்கு வரும், எங்கள் அறையில் ஏற்கனவே ஒரு பீரோ இருக்கிறது.

மார்க்ஆடியோ சிஎச்ஆர்-70 இதற்கு நேர் எதிர். உலோகக் கோன், நாலு மில்லிமீட்டர் அளவுக்கு நகரும். சென்ஸிடிவிட்டி மூன்று டெசிபல் போலக் குறைவு. மூன்று டெசிபல் என்றால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர். இரண்டு வாட்ஸ் வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர் ஃபோஸ்டெக்ஸ் பக்கம் போவதுதான் நியாயம். என்னிடம் இருப்பது டிபிஏ3116 சிப் போட்ட சின்ன கிளாஸ்-டி ஆம்ப், அதற்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. எட்டு அங்குலக் கோனுக்கு நடுவில் இன்னொரு குட்டிக் கோன், அதாவது விஸ்ஸர், ஒட்டிய டிரைவர்களும் இருக்கின்றன. நான் கேட்டவரை, வயலின் மேலே ஏறும்போது அவை கத்துகின்றன. அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொரு சங்கதி, சரவுண்ட். கோனின் விளிம்பைப் பிடித்திருக்கும் வளையம். நாங்கள் இருப்பது திருவான்மியூரில். இந்த உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஃபோம் சரவுண்ட் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிரும். எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் ஃபோம் என்றால் வேண்டாம். ரப்பரோ துணியோதான்.

சிஎச்ஆர்-70 முடிவானது. ஏழரை லிட்டரில் போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். ஆசாரி முன்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார். பின்பக்க விளிம்பை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துச் செதுக்க வேண்டும் என்றேன். "உள்ள யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றார். சின்ன டிரைவரைத் தடிமனான பலகையில் பொருத்தினால் கோனுக்குப் பின்னால் ஒரு சுரங்கம் உண்டாகிவிடும். மேக்னட் வேறு அதை முக்கால்வாசி அடைத்துக்கொள்ளும். பின்புறக் காற்று வெளியே போக வழியில்லாமல் கோன் மீதே திரும்பி மோதும், குரல் மூக்கடைத்த மாதிரி ஆகும். உள்ளங்கையைக் குவித்து வாய் முன்னால் வைத்துப் பேசிக் காட்டினேன். அப்புறம் அரத்தை எடுத்தார். ஸ்க்ரூ வருகிற இடங்களில் மட்டும் கட்டையை விட்டு, மிச்சத்தை அழகாகச் சாய்த்துக் கொடுத்தார்.

அடுத்தது பெட்டியின் அகலம். என் முன்பலகை 19 செண்டிமீட்டர். சுமார் 600 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி முன்பக்கமே வரும். அதற்குக் கீழே போகப்போகப் பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும், நமக்கு முன்னால் ஆறு டெசிபல் வரை இழப்பு. பலகை அகலத்தை மீட்டரில் போட்டு 115ஐ அதனால் வகுத்தால் இந்த எல்லை கிடைத்துவிடும். "ஃபுல் ரேஞ்ச்ல பாஸே இல்ல" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை டிரைவரில் இல்லை, இதில்தான். ஒரு காயிலும் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் போட்டால் மேல்ப்பகுதி தணிந்து சமநிலை வரும். எட்டு ஓம் டிரைவருக்கு ஒன்றரை மில்லிஹென்றியும் 4.7 ஓமும் நல்ல தொடக்கம். பெட்டியைச் சுவரை ஒட்டி வைப்பதாக இருந்தால் ரெசிஸ்டரைக் குறைக்கலாம், சில அறைகளில் எடுத்தே விடலாம்.

புதுசில் ஒலி கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் மெதுவான சத்தத்தில் ஓட விடுங்கள் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பகலெல்லாம் வானொலியைப் போட்டு விட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர். மைக் வைத்த கச்சேரிக்கு வாசிக்க மாட்டேன் என்று கொஞ்ச காலம் பிடிவாதமாக இருந்தவர், அவரைப் போய் நாலு அங்குல டிரைவரில் கேட்கிறோம். தனி ஆவர்த்தனத்தில் கும்கி உருண்டு வந்தபோது அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். குரலில் ஃபோஸ்டெக்ஸின் அந்த நெருக்கம் இதில் ஒரு மாற்று குறைவுதான், அதையும் அவரே சொன்னார்.

தவிலும் சினிமாப் பாட்டின் பாஸ் கிட்டாரும் ஹால் அதிர வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓர் ஊஃபரிடம் கொடுத்துவிட்டு, மேலே மூன்று அங்குல ஃபுல் ரேஞ்ச் வைத்துக்கொள்ளலாம். ஒற்றை டிரைவர் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.